சேமஅச்சும் மலைச்சாலைப் பொறிகளும்

உப்பு வண்டிகளை ஓட்டிச் சென்ற சங்க கால உமணர், வழியில் மேடும் பள்ளமும் எங்கே குறுக்கிடும் என்பதை முன்கூட்டி அறிய இயலாத காரணத்தால், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு பயணம் புறப்பட்டனர். அதற்குச் சேமஅச்சு என்பது பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், அத்தலைவனுக்கு இந்த அச்சையே உவமையாகக் காட்டியிருப்பது புறநானூறு பயின்றோர் நன்கறிந்த செய்தியாகும். ஊர்தியின் ஆயுள் அதனைச் செய்த தச்சனின் கையோடு முடிந்துவிடுவதில்லை. அதனை வழிநடத்திப் பேணுவோரின் முன்னறிவிலும் அது தங்கியிருக்கிறது என்ற உண்மையைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்திருக்கும் தாப்பா நகரின் வரலாற்றை ஆராய்வோர்க்கு, அதே உண்மை இரும்பிலும் எண்ணெயிலும் எழுதப்பட்டிருப்பது புலனாகும். 1893ஆம் ஆண்டில் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன் எனப்பட்ட இன்றைய தெலுக் இந்தானுக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் ஈய வயல்கள் பெருகின. இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. மலைமேல் சாலை ஏறியது. மலையைக் குடைந்து மின்சாரம் எடுக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் சாலை திறந்த ஆண்டைக் கூறும். அணை எழுந்த ஆண்டைக் கூறும். அப்பணிகளைச் செய்த பொறிகள் எத்தனை காலம் உழைத்தன, அவற்றை உழைக்க வைத்தவர் யாவர் என்பதை அவை கூறுவது அரிது.

நீராவிக் காலம்

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் மலையுச்சியில் ஒரு மேட்டுநிலத்தைக் கண்டு அறிவித்தார். எனினும் நாற்பது ஆண்டுகள் வரையில் அங்கே செல்ல நல்ல சாலை இல்லை. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் மலைச்சாலை 1920களின் பிற்பாதியில் தொடங்கப்பெற்று 1931இல் திறக்கப்பட்டது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திற்கு வளைந்து வளைந்து ஏறும் அச்சாலையை அமைத்தோர் மலைக்காய்ச்சலோடும் அடைமழையோடும் மண்சரிவோடும் போராட வேண்டியிருந்தது. கனமான கருவிகளை மேலே கொண்டு சேர்ப்பதே பெரும் இடராக இருந்தது. நீராவியால் இயங்கிய இழுவைப் பொறிகளே அவ்விடரைத் தீர்த்தன.

நீராவிப் பொறியைப் பேணுவது தனிக் கலை. கொதிகலனில் ஊற்றும் நீரில் கரைந்துள்ள உப்புகள் நாளடைவில் குழாய்களின்மீது ஓடாகப் படியும். அவ்வோடு தடித்துவிட்டால் நெருப்பின் வெப்பம் நீரைச் சென்று சேராது. தகடு மட்டும் காய்ந்து வலுவிழக்கும். ஆகவே கொதிகலனைக் குறித்த காலத்தில் ஆறவிட்டுக் கழுவுதல் வேண்டும். நீர்மட்டம் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆபத்தை உணர்த்துவதற்காக, அடுப்பின் மேற்கூரையில் எளிதில் உருகும் உலோக அடைப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அஃது உருகினால் நீராவி பீறிட்டு வந்து நெருப்பைத் தணிக்கும். ஆயினும் அவ்வடைப்பு உருகும் நிலையை வரவிடாமல் காப்பதே நல்ல பொறியாளுநரின் பெருமை. நீராவிப் பொறி மெல்ல மெல்ல மூப்படையும்; தன் நோயைக் கசிவாலும் சீறலாலும் வெளிப்படையாகக் காட்டும். குழாயை மாற்றி, தகட்டைத் தைத்து, பல பத்தாண்டுகள் அதனை உழைக்க வைக்க முடிந்தது.

டீசலின் வருகை

ருடோல்ப் டீசல் 1897இல் செருமனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் பொறியை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். மண்வேலைக்கான சங்கிலிச்சக்கர டிராக்டரில் அப்பொறியைப் பொருத்தி அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது 1931இல். தாப்பா மலைச்சாலை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. நீராவி வண்டிகள் மலையேறி முடித்த காலத்தில் அவற்றின் வழித்தோன்றல் பிறந்துவிட்டது.

புதிய பொறி வலிமை மிக்கது. ஆனால் நோயை மறைக்கும் இயல்புடையது. உலக்கைபோல் ஏறி இறங்கும் பிஸ்டனின் வளையங்களில் கரியும் பசையும் ஒட்டிக்கொண்டு, தொடக்க கால டீசல் பொறிகள் விரைவில் சோர்ந்தன. 1935இல் அழுக்கைக் கழுவிச் சுமக்கும் புதுவகை எண்ணெய் உருவாக்கப்பட்டபின்னரே அக்குறை நீங்கியது. இன்றும் டீசல் பொறியின் எண்ணெய் சில நாள்களில் கறுத்துவிடுவதைக் கண்டு புதியவர் அஞ்சுவதுண்டு. உண்மையில் அக்கறுப்பு, எண்ணெய் தன் கடமையைச் செய்கிறது என்பதன் அடையாளமே. சுமக்கும் அளவை அஃது அடைந்ததும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றாமைதான் குற்றம்.

ஆண்டல்ல, மணியே கணக்கு

கனரகப் பொறியின் வயதை ஆண்டால் அளப்பதில்லை. உழைத்த மணியால் அளப்பர். நாள்தோறும் 8 மணி நேரமாக ஆண்டுக்கு 300 நாள் உழைக்கும் புல்டோசர் 2,400 மணியைக் கடக்கும். 250 மணிக்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுதல் நெடுங்கால வழக்கு. அவ்வாறு பேணப்படும் பெரிய டீசல் பொறி 10,000 மணிக்கு மேலும் உழைத்துத்தான் முழுச் சீரமைப்புக்கு வரும். உருளைக்கூடு, பிஸ்டன், வளையம், தாங்கிகள் ஆகியன அப்போது புதிதாகும். பொறியின் உடலும் முதன்மைத் தண்டும் பழையனவாகவே நின்று இரண்டாம் பிறவி எடுக்கும். பேணாத பொறியோ பாதி வழியிலேயே படுத்துவிடும்.

தாப்பா போன்ற வெப்பமழை நாட்டில் பகைகள் இரண்டு. ஒன்று புழுதி. செம்மண்ணோடு கலந்துள்ள படிகக்கல் துகள் எஃகையும் அராவவல்லது. காற்று வடிகட்டியில் சிறு விரிசல் இருப்பினும் அத்துகள் உள்ளே புகுந்து உருளைக்கூட்டைத் தேய்க்கும். மற்றொன்று ஈரம். பாதி காலியான எரிபொருள் தொட்டியில் இரவுக் குளிரால் நீர் துளிர்த்து அடியில் தங்கும். எரிபொருளைப் பீய்ச்சும் நுண்ணிய கருவியை அது கெடுக்கும். ஆகையால் மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைத்தலும், காலையில் அடியில் தங்கிய நீரை வடித்தலும் அனுபவம் வாய்ந்தோரின் ஒழுக்கமாயின. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவில்லை. தவறாத நினைவு ஒன்றே வேண்டும்.

இத்தகைய பொறிகளே விடுதலைக்குப் பிந்திய மலைத்திட்டங்களைச் சுமந்தன. தெலோம், பெர்த்தாம் ஆகிய ஆறுகளின் நீரைச் சுரங்க வழியாக மலைத்தொடரின் மேற்குப் பக்கம் திருப்பி, தாப்பா மலைச்சாலையை ஒட்டிய ஜோரில் நிலத்தடி மின்நிலையம் அமைந்தது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் நிறைவுற்றது. கீழே வோ மின்நிலையம் 1968இல் இயங்கத் தொடங்கியது. மேட்டுநிலச் சாகுபடியால் அரிக்கப்பட்ட மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை நிரப்பியதால், அணை கட்டிய தலைமுறை மறைந்த பின்னும் தூர்வாரும் பொறிகளுக்கு அங்கே வேலை ஓயவில்லை. கட்டியது ஒருமுறை, பேணுவதோ முடிவில்லாதது.

தேய்வும் ஓய்வும்

தாப்பாவுக்கு வடமேற்கே தஞ்சோங் துவாலாங் வட்டாரத்தில் உழைத்த ஐந்தாம் எண் ஈயக்கப்பல், பேணுதலின் பயனைக் காட்டும் பெருஞ்சான்று. 1938இல் ஆங்கில நிறுவனமான எப்.டபிள்யூ. பெய்ன் வடிவமைத்த அம்மிதவை 4,500 டன் எடையுடையது. மின்சாரத்தால் இயங்கி, வாளித்தொடரால் குளத்தடி மண்ணை வாரி ஈயத்தைப் பிரித்தெடுத்தது. தேய்ந்த வாளிகளையும் அவற்றை இணைக்கும் ஆணிகளையும் மாற்றி மாற்றியே அது 1982 வரை, 44 ஆண்டுகள், வாழ்ந்தது. இன்று அது காட்சிப் பொருளாக நிற்கிறது.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் விலைத்தாங்கல் ஏற்பாடு முறிந்தபோது ஈயத்தொழில் சரிந்தது. கிந்தா, பத்தாங் பாடாங் வட்டாரங்களின் ஈய வயல்களில் நீரும் மண்ணும் இறைத்த டீசல் பொறிகளுள் இன்னும் பல்லாயிரம் மணி உழைக்கத் தக்கவையும் பழைய இரும்பாயின. ஆக, பொறிக்கு இறப்பு இருவகை என்பது தெளிவாகிறது: ஒன்று தேய்வால் வருவது, மற்றொன்று வேலை மறைவதால் வருவது. முன்னதை எண்ணெயும் கவனமும் தள்ளிப்போடும். பின்னதைத் தடுக்க எந்தப் பட்டறையாலும் இயலாது.

பேணிய கைகள்

மலாயாவின் இரயில்வேயிலும் பொதுப்பணி இலாகாவிலும் உழைத்தோருள் பெரும் பகுதியினர் இந்தியர்; அவருள் மிகுதியானோர் தமிழர். கரி அள்ளியவர், கிரீஸ் இட்டவர், பட்டறையில் பிட்டராக நின்றவர், உருளை வண்டி ஓட்டியவர் எனப் பல நிலைகளில் அவர்கள் பொறிகளோடு பழகினர். இரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நடும் காலம் வந்தபோது, பால்வெட்டுத் தொழிலாளரின் பிள்ளைகளுள் சிலர் அம்மரங்களைச் சாய்த்த புல்டோசரின் இருக்கையிலேயே அமர நேர்ந்தது. தாய் தந்தையர்க்குச் சோறிட்ட மரத்தை மகன் தள்ளினான். காலத்தின் கொடுமை என்று மட்டும் இதனைக் கூறிவிட முடியாது; ஒரு தொழில் மறைய மற்றொரு தொழிலுக்கு மாறிக்கொண்ட மக்களின் உறுதியும் இதில் உண்டு.

பொறிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. அதனைப் படிக்க இயலாதோர் செவியால் கற்றனர். ஓசை மாறினால் தாங்கி தேய்ந்தது என்றும், நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்றும், கரும்புகை வந்தால் காற்று போதவில்லை என்றும் மூத்தோர் இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தனர். அவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடியிருப்புகள் கலைந்து, மக்கள் நகரங்களுக்குச் சிதறியபோது அதுவும் உடன் சிதறியது. பொறியின் உழைப்பை எண்ண அதனுள்ளே மணிகாட்டி இருந்தது. அதனைப் பேணியவரின் உழைப்பை எண்ண எந்தக் கருவியும் பொருத்தப்படவில்லை.

தாப்பாவிலும் பீடோரிலும் சுங்கையிலும் கனரகப் பொறிகளோடு வாழ்நாளைக் கழித்த முதியோர் இன்னும் உள்ளனர். அவர்கள் வழங்கும் பட்டறைச் சொற்களைத் திரட்டுவதும், அவர்கள் கண்ட பொறிகளையும் பழுதுகளையும் கேட்டு எழுதி வைப்பதும் தமிழ் மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். இப்பணிக்குப் பொருட்செலவு மிகுதியில்லை. காலமோ மிகக் குறுகியது. கரும்புகை கண்டவுடன் வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கும் விரைவு, வரலாறு எழுதுவோர்க்கும் வேண்டும்.