உத்தரவாதம் என்னும் மறுமொழி: வெளிப்பட்டறையும் இருசக்கர வாகனமும்

'வாரண்டி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நாம் 'உத்தரவாதம்' என எழுதி வருகிறோம். 'உத்தரம்' என்றால் மறுமொழி. விற்ற பொருள் பழுதுபட்டால் மறுமொழி கூறக் கடமைப்பட்டவர் யார் என்பதே இச்சொல்லுக்குள் உறையும் கேள்வி. இருசக்கர வாகனத்தைப் பொறுத்தமட்டில் இக்கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் தரப்பட்டு வந்துள்ளன. அவ்விடைகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் போன்ற சிற்றூர்களில் இது வெறும் சட்டக் கேள்வி அன்று. பட்டாசு ஆலைகள் விபத்து அச்சத்தின் காரணமாகக் குடியிருப்புகளை விட்டு விலகி, கரிசல் காட்டின் நடுவே அமைந்திருப்பவை. வண்டி நின்றுவிட்டால் அங்கு வேலைக்குச் செல்பவரின் அன்றைய கூலியும் நின்றுவிடும். கம்பெனி சர்வீஸ் என்றால் சாத்தூருக்கோ சிவகாசிக்கோ விருதுநகருக்கோ போக வேண்டும்; காலையில் விட்டு மாலையில் எடுக்க வேண்டும். ஊர் மெக்கானிக்கிடம் விட்டால் வேலை முடிந்து வரும் வழியில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், 'வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும்' என்ற எச்சரிக்கை குறுக்கே நிற்கிறது.

பார்த்துப் பழகித் தொழில் கற்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதே சிவகாசியின் தொழில் வரலாற்றுக்குத் தொடக்கம். ஊர் மெக்கானிக்கும் அவ்வழி வந்தவரே. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, என்ஜின் ஓசையைக் கொண்டே பழுதைச் சொல்லும் நிலைக்கு உயர்ந்தவர். அவருடைய கல்விக்குச் சான்றிதழ் இல்லை. வாடிக்கையாளரின் நம்பிக்கையே சான்றிதழ்.

இந்த அறிவு வளர்வதற்கு நம் தொழில் வரலாறே துணை நின்றது. 1955-இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் இணைந்து புல்லட் வண்டிகளை உருவாக்கத் தொடங்கியது. 1970-இல் இங்கிலாந்து நிறுவனம் மூடப்பட்ட பிறகும் இங்கே உற்பத்தி தொடர்ந்தது. பல்லாண்டுகள் பெரிய மாற்றமின்றி வந்த அவ்வண்டியின் ஒவ்வொரு திருகாணியும் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டபோது ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்குப் பொறுப்பேற்கத் தயாரிப்பாளர் என்று எவரும் எஞ்சவில்லை. ஆயினும் அவ்வண்டிகள் ஓடின. பழைய பாகங்களைத் தேடிப் பிடித்தும், கிடைக்காதவற்றை லேத் பட்டறையில் கடைந்தும் அவற்றை ஓட வைத்தவர்கள் வெளிப்பட்டறைக்காரர்களே. நிறுவனத்தின் மறுமொழி நின்றுபோன இடத்தில் மெக்கானிக்கின் மறுமொழி தொடர்ந்தது.

1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அதே பத்தாண்டில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவில் நூறு சி.சி. வண்டிகள் வந்தன. முகவர் வலைப்பின்னலும் சர்வீஸ் கூப்பன் புத்தகமும் பரவின. 'பிரீ சர்வீஸ்' என்பதில் உழைப்புக் கூலி மட்டுமே இலவசம், ஆயிலுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்பதை நாம் அறிவோம். கூப்பன் முடிந்த பின்னரும் குறித்த இடைவெளியில் கம்பெனியிலேயே சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது உத்தரவாத நிபந்தனைகளில் இடம்பெறலாயிற்று. முன்பு 'என்ன பழுது?' என்று தொடங்கிய உரையாடல், 'யார் தொட்டது?' என்று தொடங்கலாயிற்று.

இந்நிபந்தனையை உலகம் எவ்வாறு எதிர்கொண்டது? அமெரிக்காவில் 1975-இல் இயற்றப்பட்ட மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ இலவசமாகத் தராத நிலையில், அதையே பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவாதத்துடன் பிணைப்பதைப் பொதுவாகத் தடை செய்தது. சட்டம் வந்து 47 ஆண்டுகள் கழித்து, 2022-இல், ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இதே காரணத்துக்காக நடவடிக்கை எடுத்தது. வெளியில் பழுதுபார்த்தாலும் வேறு பாகம் பொருத்தினாலும் அதனால் மட்டும் உத்தரவாதம் அற்றுப்போகாது என எழுதித் தருமாறு அந்நிறுவனம் பணிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இலும் 2010-இலும் கொண்டுவந்த வாகனத்துறை ஒழுங்குவிதிகள் வெளிப்பட்டறைகளுக்கு வழி திறந்தன. ஆனால் அவை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சக்கரங்கள் கொண்ட வாகனங்களையே கருதின. இருசக்கரம் அங்கும் வாசலுக்கு வெளியே நின்றது.

இந்தியாவில் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தடுக்கின்றன என்பது முறையீட்டின் சாரம். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544 கோடிக்கும் மேல் அபராதம் விதித்தது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், மூன்று நிறுவனங்கள் தொடர்பில் குற்றத்தை உறுதி செய்து, அபராதக் கணக்கை மட்டும் குறைத்தது.

அபராதத்தைக் காட்டிலும் ஆணையம் உத்தரவாதம் பற்றிக் கூறியதே நமக்கு முக்கியமானது. வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை முற்றாக நீக்கும் பொது நிபந்தனை கூடாது. வெளி வேலையின் குறையால் சேதம் நேர்ந்திருந்தால், அச்சேதத்தின் அளவுக்கு மட்டுமே நீக்கலாம். அதாவது, 'யார் தொட்டது?' என்ற கேள்வியின் இடத்தில் 'தொட்டதால் எது கெட்டது?' என்ற கேள்வியை ஆணையம் வைத்தது. இது நிறுவனத்துக்கும் நியாயமானதே. கூடுதல் விளக்குக்காக வயரை வெட்டி ஒட்டியதால் மின்சுற்று எரிந்தால் அதற்கு நிறுவனம் பொறுப்பாக முடியாது. ஆனால் வெளியில் ஆயில் மாற்றியவரின் வண்டியில் மீட்டர் பழுதானால், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்க இடமுண்டு.

இருசக்கர வாகன நிறுவனங்கள் அவ்வழக்கில் தரப்பினர் அல்லர். ஆகவே அச்சங்குளத்துக்காரர் அந்த ஆணையை நீட்டி உடனே உரிமை பெற்றுவிட இயலாது. நுகர்வோர் ஆணையத்தில் வாதமாக முன்வைக்கலாம். அங்கே அவருக்கு வேண்டியது சான்று. இங்குதான் நம் மெக்கானிக்கின் வாய்மொழி மரபு அவருக்கே எதிராக நிற்கிறது. அவர் கைராசிக்காரர், ஆனால் பில் எழுதுவதில்லை. தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் தரமும் அளவும், மாற்றிய பாகம் ஆகியவை குறித்த ஒரு துண்டுச்சீட்டு அவருடைய திறமைக்குச் செய்யும் மரியாதையும் ஆகும். பிரீ சர்வீஸ்களைக் கம்பெனியிலேயே முடித்துக்கொள்வதும், உத்தரவாத நிபந்தனைகளை வாங்கும்போதே படித்துவிடுவதும் நலம்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளை ஒட்டி, கார்புரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் எரிபொருள் உட்செலுத்தும் மின்னணு அமைப்பு பிடித்துக்கொண்டது. பழுதைச் செவியால் அறிந்தவர் இன்று ஸ்கேனர் கருவியால் அறிய வேண்டியிருக்கிறது. 2022 ஜூலையில் நடுவண் அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையவாயில் திறக்கப்பட்டது. வாகனத்துறையும் அதில் அடங்கும். ஆனால் இணையவாயில் சட்டம் ஆகாது.

கையேடும் கருவியும் பாகமும் ஊர் மெக்கானிக்குக்கு நியாயமான விலையில் கிடைக்காதவரை, உத்தரவாத நிபந்தனை தளர்ந்தாலும் பயன் குறைவே. காகிதத்தில் மறுமொழி கூறும் நிறுவனமும் முகத்துக்கு நேரே மறுமொழி கூறும் மெக்கானிக்கும் ஒருவரையொருவர் விலக்க வேண்டியவர்கள் அல்லர். கரிசல் காட்டுச் சாலையில் நாளும் ஓடும் வண்டிக்கு இருவரும் வேண்டும்.