ஓலைக் கொட்டகையும் செங்கல் அரங்கும்

'வரலாற்றுச் சிறப்புமிக்க நாடக அரங்கம்' என்று நாம் எதைச் சொல்கிறோம்? பெரும்பாலும் ஒரு கட்டடத்தை. சுவர் நின்றால் வரலாறும் நிற்கிறது. அடிக்கல், திறப்பு விழா, கட்டியவர் பெயர், பணம் கொடுத்தவர் பெயர் எல்லாம் கிடைக்கும். ஓலையும் மூங்கிலும் கொண்டு போட்டு, சீசன் முடிந்ததும் பிரித்து வண்டியில் ஏற்றிய கொட்டகைக்கு இது எதுவும் கிடையாது. எங்கள் வைத்திக்குப்பம் பக்கம் சினிமா தியேட்டரைக்கூடக் 'கொட்டாய்' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொட்டாய் இருந்த இடம் தெரியவில்லை.

சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலைப் பார்க்கப் போனபோது இந்தக் கேள்விதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ரிப்பன் கட்டடம் பக்கம் நடந்தால், இரண்டுக்கும் நடுவே சிவப்புச் செங்கல்லில் நிற்கிறது. 1883ல் விஜயநகரம் ராஜா அடிக்கல் நாட்டினார். சிஷோம் வரைபடம் போட, நம்பெருமாள் செட்டி கட்ட, 1888ல் திறந்தார்கள். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். நான் போனபோது அது பூட்டிக் கிடந்தது. 2023ல்தான் மாநகராட்சி பல கோடி ரூபாய்ச் செலவில் சீரமைப்பைத் தொடங்கியது. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, உள்ளே ஆடியவர்கள் யார் என்று யோசித்தேன்.

பல ஆண்டுகள் அது சுகுண விலாச சபையின் மேடையாக இருந்தது. பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891ல் தொடங்கிய சபை அது. சம்பந்தம் வக்கீல், பிறகு நீதிபதியும் ஆனார். சபையில் இருந்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள். நடிப்பு அவர்களுக்குப் பிழைப்பு அல்ல, மாலைப்பொழுதின் ஈடுபாடு. அவர்கள் செய்ததைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. உரைநடை வசனத்தை மேடையேற்றினார்கள், 'மனோகரா'வைத் தந்தார்கள், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்ய'னாக்கினார்கள். 'கூத்தாடி' என்பது வசவாக இருந்த சமூகத்தில், மானமுள்ளவனும் மேடை ஏறலாம் என்று காட்டினார்கள். ஆனால் அந்த மானம் எங்கிருந்து வந்தது? கூலிக்கு ஆடாததிலிருந்து வந்தது. கூலிக்கு ஆடியவன்மேல் இருந்த வசவு அப்படியே இருந்தது. சபா நடிகன் அதிலிருந்து தன்னைக் கழற்றிக்கொண்டான், அவ்வளவுதான். விக்டோரியா ஹால் போன்ற செங்கல் அரங்கு இந்தப் பிரிவினைக்கு வெறும் சாட்சி அல்ல. பிரிவினையை நடத்திக்கொடுத்த கருவியும் அதுதான்.

மறுபக்கத்தைப் பார்க்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வைத்திக்குப்பத்திலிருந்து கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்கு நடந்தே போய்விடலாம். தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனவர். கடைசிக் காலத்தில் பக்கவாதத்தால் வாயும் கையும் விழுந்த பிறகும் கம்பெனியை விட்டுப் போகவில்லை. கம்பெனி அன்றைய பிரெஞ்சு மண்ணான புதுச்சேரிக்கு வந்திருந்தபோது, 1922 நவம்பர் 13ல் காலமானார். பாரதி இந்த ஊரை விட்டுப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாரதி குடியிருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. சுவாமிகளுக்கு வீடு ஏது? கம்பெனி முகாம் போட்ட இடமெல்லாம் வீடு. எனவே அவருக்கு இங்கே மிஞ்சியது ஒரு சமாதி.

சுவாமிகளைத் திருவுருவாக்குவதும் என் நோக்கமல்ல. பாய்ஸ் கம்பெனி என்பது குழந்தை உழைப்பின்மேல் நின்ற அமைப்பு. டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. பெண் வேஷத்தையும் பையன்களே கட்டினார்கள், அதாவது பெண் அந்த மேடையில் பேசப்பட்டாள், பேசவில்லை. 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்ற பட்டத்துக்குள் ஆசிரியரின் பிரம்பும் இருக்கிறது. இதையும் சேர்த்தே நாம் அவரை வாசிக்க வேண்டும்.

அப்படி வாசித்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' என்று நோட்டீஸ் அடிப்பார்கள். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறொரு ஊர், ஆர்மோனியக்காரர் எங்கிருந்தோ வருவார். தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கி, தனித்தனியாகப் பஸ் ஏறி வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. முன்பின் பார்த்துப் பேசாதவர்கள்கூட அன்றிரவு முருகனும் வள்ளியுமாக விடிய விடிய தர்க்கம் பண்ணுவார்கள். இது எப்படிச் சாத்தியம்? எல்லோருக்கும் ஒரே பிரதி மனப்பாடம். அந்தப் பிரதியை எழுதிக்கொடுத்தவர் சுவாமிகள். பையன்களுக்காக மட்டுமல்ல, பிற்காலத்தில் இந்த மேடைக்கு வந்த பெண்களுக்கும் அதுவே சோறு போட்டது. கே.பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் அதைத்தான் பாடினார்கள்.

ஆக, கூலிக்கலைஞனுக்கும் ஒரு அரங்கம் இருந்திருக்கிறது. அது சொல்லால் கட்டப்பட்டது. அதற்கு டிரஸ்டி கிடையாது, குத்தகை கிடையாது, பூட்டு கிடையாது. எந்த ஊர் முச்சந்தியிலும் ஒரே ராத்திரியில் எழுப்பிக்கொள்ளலாம். நம் 'பாரம்பரியப் பாதுகாப்பு' என்ற சொல்லாடலுக்கு இதைப் பார்க்கக் கண் இல்லை. சுண்ணாம்புக் காரையைப் பழைய பக்குவத்தில் அரைத்துப் பூசத் தெரிந்த அரசுக்கு, நாலு பாட்டுக்கு மேல் தெரிந்த கிழ நடிகன் சாவதை இழப்பாகக் கணக்கெழுதத் தெரியவில்லை. அவன் செத்தால் இடிவதும் ஒரு அரங்குதான்.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சுவாமிகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் பெயர் வைப்பதோடு கடன் தீராது. விக்டோரியா ஹாலைச் செப்பனிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செப்பனிடட்டும். அந்தச் சுவரில் சபாக்காரர்களின் படத்தை மாட்டுகிறவர்கள், அந்த மேடைக்கு வெளியே ஓலைக் கொட்டாயில் விடிய விடியத் தொண்டை கிழியப் பாடியவர்களை எங்கே மாட்டப்போகிறார்கள் என்பதே கேள்வி. அதைக் கேட்க வேண்டியவர்கள் எழுதுகிற, களத்தில் நிற்கிற நாம்தான்.