கொடிவழியும் கொடையும்: ஹன்டிங்டன் நோய் ஆய்வில் ஒரு குடும்ப அறக்கட்டளை

சொத்து விவகாரம் என்று வந்தால் கொடிவழி வரைவது நம் வழக்கம். பாட்டன் பெயரை மேலே எழுதி, கீழே கிளை பிரித்து, யாருக்கு எவ்வளவு பாத்தியதை என்று கணக்குப் பார்ப்போம். ஹன்டிங்டன் நோய்க்கும் அப்படி ஒரு கொடிவழி உண்டு. அதில் பங்கு கேட்டு யாரும் வருவதில்லை. தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வரச் சரிபாதி வாய்ப்பு. ஆண், பெண் பேதம் கிடையாது. பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதைத் தாண்டி, கல்யாணம் ஆகிக் குழந்தைகளும் பிறந்த பிறகே அறிகுறி தெரிகிறது. அதனால் தன்னிடம் இருப்பது தெரியாமலேயே ஒருவர் அதை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிவிடுகிறார்.

இந்நோய்க்கான ஆய்வை முன்னெடுக்க லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த வெக்ஸ்லர் குடும்பம் 1968இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. பின்னர் அது ஹெரிடிட்டரி டிசீஸ் ஃபவுண்டேஷன் என்ற பரம்பரை நோய் அறக்கட்டளையாக நிலைபெற்றது. அதன் வளர்ச்சியைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய அமைப்புகளின் வரலாற்றைத் திரட்டிய தொகையைக் கொண்டு எழுதுவது எளிது. இந்த அறக்கட்டளைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பது என் கருத்து. அது போட்ட முதல் உறவுதான். நோயாளியின் உறவு, விஞ்ஞானிகளை ஓர் அறையில் உட்காரவைத்த உறவு, முன்பின் தெரியாத ஏரிக்கரை மக்களோடு கொண்ட உறவு. அந்த முதலின் ஒரு பகுதி இன்னும் திருப்பித் தரப்படாத கடனாகவே நிற்கிறது.

நோய்க்குப் பெயர் வந்த வழி

நோய்க்குப் பெயர் தந்த ஜார்ஜ் ஹன்டிங்டன், 1872இல் தமது கட்டுரையை வெளியிட்டபோது 22 வயது இளைஞர். லாங் தீவின் கிழக்கு ஹாம்ப்டனில் அவருடைய தந்தையும் பாட்டனாரும் மருத்துவர்கள். சிறுவனாகத் தந்தையோடு வண்டியில் போகும்போது, கைகால் தாமாக வளைந்தாடும் மனிதர்களை அவர் பார்த்திருக்கிறார். மூன்று தலைமுறை மருத்துவர்கள் அதே ஊரில் இருந்ததால்தான் நோயும் தலைமுறை தலைமுறையாக இறங்குவது தெரிந்தது. ஒரு மருத்துவக் குடும்பம் இன்னொரு நோய்க் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். பழைய பெயரான கோரியா என்பது கிரேக்க மொழியில் ஆட்டத்தைக் குறிக்கும் சொல். உடல் ஆட்டம் வெளியே தெரிவது. அதோடு நினைவும் சுபாவமும் சிதைவது குடும்பத்துக்கு மட்டுமே தெரிவது. வெளியார் பார்வையில் நோயாளி குடிகாரர்.

லியனோர் வெக்ஸ்லருக்கு நேர்ந்ததும் அதுவே. அவர் உயிரியல் படித்தவர். தந்தை இந்த நோயால் இறந்தவர். 1950இல் அவருடைய மூன்று சகோதரர்களுக்கும் அது இருப்பது தெரியவந்தது. அவர் கணவர் மில்ட்டன் வெக்ஸ்லர் உளப்பகுப்பாய்வாளர். மைத்துனர்களையும் தாங்க வேண்டியிருந்ததால், கான்சாஸில் இருந்த மெனிங்கர் மருத்துவமனை வேலையை விட்டு, வருமானம் கூடுதலாகக் கிடைக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தார். இந்த நோய் ஆண்களுக்கே வரும் என்ற தவறான நம்பிக்கை அந்தக் குடும்பத்தில் வெகுகாலம் இருந்தது. 1968இல் ஒரு காலைப்பொழுது, ஜூரிப் பணிக்காக நீதிமன்றத்துக்குப் போக வீதியைக் கடந்துகொண்டிருந்த லியனோரின் நடையைப் பார்த்த காவலர் ஒருவர், இவ்வளவு காலையிலேயே குடித்திருக்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று அதட்டினார். அந்த அதட்டலுக்குப் பிறகுதான் அவர் மருத்துவரிடம் போனார்.

அதற்கு முன்பே மில்ட்டனும் லியனோரும் மணமுறிவு பெற்றிருந்தார்கள். ஆனாலும் மகள்கள் ஆலிஸையும் நான்சியையும் அழைத்து, தாய்க்கு என்ன நோய், தங்களுக்கு என்ன வாய்ப்பு என்று எடுத்துச் சொன்னவர் மில்ட்டன்தான். மகள்கள் இருவரும் குழந்தை பெறுவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

இரண்டு வீடு, இரண்டு வழி

அதே காலத்தில் நியூயார்க்கில் இன்னொரு குடும்பமும் களத்தில் இறங்கியிருந்தது. நாட்டார் பாடகர் உடி கத்ரி இந்நோயால் 1967 அக்டோபரில் இறந்தார். அவருடைய முன்னாள் மனைவி மார்ஜரி கத்ரி, நடனக் கலைஞர், ஹன்டிங்டன் நோயை எதிர்கொள்ளும் குழு ஒன்றை அந்த ஆண்டே தொடங்கினார். மில்ட்டன் முதலில் அதன் கலிபோர்னியக் கிளையைத்தான் ஏற்படுத்தினார். ஆனால் மார்ஜரியின் மனம் நோயாளியைப் பராமரிப்பது, குடும்பங்களை ஒன்று சேர்ப்பது, அரசின் கவனத்தை ஈர்ப்பது ஆகியவற்றில் இருந்தது. மில்ட்டனோ பணம் முழுவதும் அடிப்படை ஆய்வுக்கே போக வேண்டும் என்று நின்றார். 1974இல் வழிகள் பிரிந்தன.

இதைப் பூசலாகப் பார்க்க வேண்டியதில்லை. 1976இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்நோய்க்காக ஓர் ஆணையம் அமைத்தபோது மார்ஜரி அதன் தலைவர், நான்சி செயல் இயக்குநர். ஆனாலும் அரிய நோய் அமைப்புகள் எல்லாவற்றையும் இன்றுவரை அலைக்கழிக்கும் கேள்வி அங்கேதான் பிறந்தது. இன்று படுக்கையில் இருப்பவருக்குச் செலவிடுவதா, நாளை பிறக்கப்போகிறவருக்குச் செலவிடுவதா? பிந்தியதைத் தேர்ந்த மில்ட்டனின் கணக்கில் தம் மகள்கள் இருவரும் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அறைக்குள் நடந்தது

மில்ட்டனின் தனித்த பங்களிப்பு அவர் கூட்டிய பட்டறைகள். குழு உளச்சிகிச்சையில் அவருக்குக் கைவந்த முறையை விஞ்ஞானிகளிடம் பயன்படுத்தினார். கட்டுரை வாசிப்பு இல்லை, படம் காட்டுதல் இல்லை. ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பேச வேண்டும். பேர்போன பேராசிரியர்களைவிட இளம் ஆய்வாளர்களையே அதிகம் தேடினார். கூட்டத்தின் தொடக்கத்தில் நோயாளி ஒருவர் வந்து அவர்கள் முன் உட்கார்ந்து பேசுவார். புழுவின் மரபணுவையும் ஈயின் மரபணுவையும் மட்டுமே அறிந்த ஓர் இளைஞர், தேநீர்க் கோப்பையை நழுவாமல் பிடிக்கப் போராடும் மனிதரை முதன்முதலாக அங்கே பார்ப்பார். மாலையில் விருந்து. மில்ட்டனின் வட்டத்தில் ஹாலிவுட் கலைஞர்கள் பலர். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியும் அவருடைய நண்பர். திரை நட்சத்திரத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போன விஞ்ஞானி அடுத்த அழைப்பை மறுப்பாரா?

சிறிய நல்கைகள் இந்த அறையிலிருந்தே பிறந்தன. பெரிய அரசு நிறுவனங்கள் முன்சான்று கேட்கும். முன்சான்றைத் திரட்டவே பணம் வேண்டும். அந்த இடைவெளியில் விதைநெல் கொடுத்ததுதான் குடும்ப அறக்கட்டளையின் வேலை.

1979 அக்டோபர் பட்டறை இவ்வரலாற்றின் திருப்பம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் டேவிட் ஹவுஸ்மன் அங்கே ஒரு யோசனையை முன்வைத்தார். நோய் மரபணு எது என்று தெரியாமலே அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கலாம். வீட்டு எண் தெரியாத ஊரில் ஒருவரைத் தேடும்போது அரசமரத்துக்குப் பக்கத்து வீடு என்று தெரிந்தால் போதாதா? அதுபோல, ஆளுக்கு ஆள் மாறுபடும் டி.என்.ஏ. துண்டு ஒன்று, ஒரு குடும்பத்தில் நோய் வந்தவர்களிடம் எல்லாம் ஒரே வடிவத்திலும் வராதவர்களிடம் வேறு வடிவத்திலும் இருந்தால், நோய் மரபணு அதன் அருகில் இருக்கிறது என்று பொருள். ஆனால் அத்தகைய அடையாளக் குறிகள் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. நூற்றுக்கணக்கில் சேரட்டும், வரைபடம் முழுமையாகட்டும், பிறகு தேடலாம் என்றார்கள் சிலர். காத்திருக்க முடியாதவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். அறக்கட்டளை ஹவுஸ்மனின் பக்கம் சாய்ந்தது. அவருடைய மாணவர் ஜேம்ஸ் குசெல்லா தேடலில் இறங்கினார்.

ஏரிக்கரை

இணைப்பைச் சரிபார்க்கப் பெரிய குடும்பம் வேண்டும். பல தலைமுறைகள் உயிரோடிருக்க வேண்டும். அமெரிக்கக் குடும்பங்கள் சிறியவை. வெனிசுவேலாவின் மாரக்காய்போ ஏரிக்கரையில் நிலைமை வேறு. அங்கே இந்நோய் சர்வசாதாரணம் என்பதை 1950களிலேயே கண்டறிந்து எழுதியவர் அந்நாட்டு மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெட்டே. 1972இல் ஹன்டிங்டன் கட்டுரையின் நூற்றாண்டுக் கருத்தரங்கு ஒஹாயோவில் நடந்தபோது, அவருடைய மாணவர் ரமோன் ஆவிலா ஹிரோன் அந்த மக்களைப் படம்பிடித்த சுருளைத் திரையிட்டார். வெளியுலகம் அன்றுதான் நிமிர்ந்து பார்த்தது. வெனிசுவேலா மருத்துவர்கள் இருவருக்கும் இவ்வரலாற்றில் கிடைக்கும் இடம் வழக்கமாக ஒரு வரிதான். அது போதாது.

நான்சி 1979இல் முதன்முறை அங்கே போனது அடையாளக் குறிக்காக அன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் நோய் மரபணுவைப் பெற்ற ஒருவரைத் தேடித்தான் போனார். போன காரியம் ஒன்று, கைகூடியது வேறொன்று. 1981 முதல் ஆண்டுதோறும் குழுவோடு சென்று கொடிவழி வரைந்தார், இரத்தம் சேகரித்தார். லகுனெட்டாஸ் என்ற ஊரில் வீடுகள் தண்ணீருக்குமேல் கால்நாட்டிக் கட்டப்பட்டவை. படகில்தான் போக வேண்டும். ஊரார் நோயை மால் என்ற ஒற்றைச் சொல்லால் குறித்தார்கள். கேடு என்று பொருள்.

இரத்தம் கொடுக்க அவர்கள் தயங்கினார்கள். அமெரிக்கர்கள் எதற்காக நம் இரத்தத்தைக் கொண்டுபோகிறார்கள்? நான்சி தம் தாயும் இதே நோயால் இறந்தவர் என்றார். ஆராய்ச்சிக்காகத் தாமும் தோல் துண்டு கொடுத்திருப்பதாகச் சொன்னார். குழுவில் இருந்த செவிலி ஒருவர் நான்சியின் கையை உயர்த்திப் பிடித்து, அந்தச் சிறு தழும்பைக் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு கைகள் நீண்டன. வேறெந்த ஆய்வாளராலும் காட்டியிருக்க முடியாத சான்று அது. அறக்கட்டளையின் முதல் உறவு என்று மேலே சொன்னதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

அந்த மக்களின் கொடிவழி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மரியா கான்செப்சியோன் என்ற பெண்ணிடம் போய் நின்றது. 2004இல் வெளியான ஆய்வில் பத்துத் தலைமுறைகளையும் 18,149 பேரையும் அது எட்டியிருந்தது. நியூயார்க்கில் நான்சியின் அலுவலகத் தாழ்வாரச் சுவர் முழுக்க அந்த வரைபடம்தான்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்குக் கறுப்பு.

நான்காம் குரோமோசோமின் நுனி

ஆண்டுகள் பல ஆகும் என்று எதிர்பார்த்த தேடலில், குசெல்லா சோதித்த முதல் பன்னிரண்டு குறிகளுக்குள்ளேயே விடை சிக்கியது. ஜி-8 என்ற குறி நான்காம் குரோமோசோமில் இருந்தது. நோயும் அதன் பக்கத்தில் இருந்தது. 1983 நவம்பரில் நேச்சர் இதழில் முடிவு வெளியானது. அதிர்ஷ்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் பனிக்கட்டியில் வைத்து விமானத்தில் பாஸ்டனுக்கு அனுப்பிய இரத்தக் குழாய்கள் இல்லாமல் அந்த அதிர்ஷ்டத்தை நிரூபித்திருக்க முடியாது.

பக்கத்து மரம் கிடைத்துவிட்டது. வீட்டைக் கண்டுபிடிக்க இன்னும் பத்தாண்டுகள் பிடித்தன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருந்த ஆறு ஆய்வுக்கூடங்களை அறக்கட்டளை ஒரே கூட்டணியாக்கியது. போட்டியாளர்கள் தத்தம் முடிவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது உடன்பாடு. மனஸ்தாபங்கள் இல்லாமல் இல்லை; தவறான இடத்தில் வருடக்கணக்கில் தேடியதும் உண்டு. 1993 மார்ச்சில் செல் இதழில் வந்த கட்டுரையில் தனிப்பட்ட எவர் பெயரும் முதலில் இல்லை. குழுவின் பெயரே ஆசிரியர் பெயராக நின்றது, அதன்கீழ் 58 பேர். அச்சுக் கோப்பவர் கைதவறி ஒரே மூன்றெழுத்தைத் திரும்பத் திரும்பக் கோத்ததைப்போல, அந்த மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து அளவுமீறி நீள்வதே நோய்க்குக் காரணம். 35 வரை நீண்டால் நோய் இல்லை. 40ஐத் தொட்டால் தப்ப வழியில்லை.

பாக்கி

நோய் வருமா என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை 1986 முதலே கிடைத்தது. ஆபத்தில் இருப்பவர்களில் சிறுபான்மையினரே அதைச் செய்துகொள்ள முன்வந்தனர். மருந்தில்லாத நோயை முன்னதாக அறிந்து என்ன செய்வது? பரிசோதனைக்கு வழிதிறந்த நான்சியிடமே செய்துகொண்டீர்களா என்று இதழாளர்கள் கேட்டபோதெல்லாம், அவர் பதில் சொல்ல மறுத்தார்.

மருந்தின் கதை நீண்டதல்ல. 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெட்ராபெனசின் உடலாட்டத்தைக் குறைக்கும், நோயை நிறுத்தாது. கெட்ட புரதத்தின் உற்பத்தியையே குறைக்க முயன்ற டோமினெர்சென் சோதனையில் மருந்து கொடுப்பது 2021 மார்ச்சில் பாதியில் நிறுத்தப்பட்டது.

மாரக்காய்போவின் கணக்கு இதைவிடக் கசப்பானது. நான்சியின் குழு ஆண்டுதோறும் மருந்தும் உடையும் கொண்டுபோனது. 1999இல் அங்கே அன்பும் நம்பிக்கையும் என்ற பெயரில் பராமரிப்பு இல்லம் திறக்கவும் அறக்கட்டளை துணைநின்றது. 2002இல் வெனிசுவேலா அரசு குழுவுக்கு மீண்டும் அனுமதி தரவில்லை. இல்லமும் பின்னாளில் மூடப்பட்டது. தனியார் அறக்கட்டளையின் கைக்கு எட்டாத அரசியல் இது என்று வாதிடலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் உலகெங்கும் இன்று செய்யப்படும் பரிசோதனைக்கு அடித்தளமான இரத்தம் அந்தக் கரையிலிருந்து போனது. அதற்கு ஈடாக அங்கே போய்ச் சேர்ந்தது மிகச் சொற்பம் என்பதை எந்த வாதமும் மாற்றாது. ஆய்வுக்கு நிதி திரட்டும் குடும்ப அமைப்புகள், ஆய்வுக்கு உடலைத் தந்தவர்களுக்கும் தொடக்கத்திலேயே ஒரு பங்கை எழுதிவைக்க வேண்டும்.

மில்ட்டன் வெக்ஸ்லர் 2007 மார்ச்சில், 98ஆம் வயதில் இறந்தார். லியனோர் அவருக்கு 29 ஆண்டுகள் முன்பு, 1978 மே மாதம், அமெரிக்காவில் அன்னையர் தினமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்திருந்தார். 2020 மார்ச்சில், 74 வயதில், நான்சி வெக்ஸ்லர் தமக்கும் ஹன்டிங்டன் நோய் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வழியாக வெளியே சொன்னார். அப்போதும் அறக்கட்டளையின் தலைவர் அவர்தான்.