பள்ளியும் சமயப் பாடமும்: பெற்றோர் உரிமையின் வரலாறு

சித்தன்னவாசல் குன்றின் மீது ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம் உண்டு. சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகளும், அவற்றின் ஓரத்தே ஈராயிரம் ஆண்டுகட்கு முந்திய தமிழி எழுத்துகளும் இன்றும் அங்கே உள்ளன. முனிவர் உறைந்த இடத்தை முன்னோர் 'பள்ளி' என்றனர். அங்கே கல்வியும் நிகழ்ந்தமையால் கற்கும் இடத்திற்கும் அப்பெயரே வாய்த்தது என்பர் அறிஞர். பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளிலுங்கூட 'அரிநமோத்து சிந்தம்' என்னும் பழைய சமண வணக்கத்தின் சிதைவோடுதான் எழுத்துத் தொடங்கினர். ஆகவே, கல்வியும் சமயமும் நம் நாட்டில் தொன்றுதொட்டே கூடி வந்தவை எனலாம்.

ஆயினும் அத்திண்ணையில் நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு இடமில்லை. சமயப் பாடம் வேண்டுமா, வேண்டாமா என்று நம் பாட்டன்மாரை எவரும் கேட்டதில்லை. பாடமே இல்லாதவனிடம் என்ன கேட்பது?

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கிறித்தவச் சபையார் நம் சேரிகளில் பள்ளிகளைத் திறந்தனர். நமக்கு முதலில் கதவு திறந்த அந்நன்றியை நாம் மறக்கலாகாது. அப்பள்ளிகளில் விவிலியப் பாடமும் கால அட்டவணையில் ஓர் அங்கமாக இருந்தது. மனமுவந்து அச்சமயத்தை ஏற்றோர் பலர். வேறு பள்ளி இல்லாமையால் பேசாதிருந்தோரும் உளர். இரண்டாவது வழி இல்லாதவன் செய்வதைத் தெரிவு என்று எவ்வாறு கூறுவது?

1892ஆம் ஆண்டில் அயோத்திதாச பண்டிதர் சென்னை மகாஜன சபையில் நம் மக்களுக்காகக் கோரிக்கைகளை முன்வைத்தார். நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இரண்டாண்டு கழித்து, 1894இல், பிரம்மஞான சபையின் தலைவராகிய கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றை அடுத்த ஊரூரில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகட்கு ஓர் இலவசப் பள்ளியை நிறுவினார். பின்னர் அத்தகைய பள்ளிகள் ஐந்தாயின. ஆல்காட் பௌத்தத்தைத் தழுவியவர். எனினும் அப்பள்ளிகளில் எச்சமயத்தையும் போதிக்கலாகாது என்று விதித்தார். சமயத்தைத் தெரிவு செய்வது பெற்றோரையும் பிள்ளைகளையும் சார்ந்தது என்பது அவர் கொள்கை. 1898இல் பண்டிதர் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். அது வளர்ந்த மனிதர் ஒருவர் ஆராய்ந்து செய்த முடிவு. பள்ளிப் பலகையில் திணித்த பாடமன்று.

இங்கே நம் இளைஞர்கள் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். அப்பள்ளிகளின் பாடத்திட்டம் தொடக்கக் கல்வியோடு நின்றது. தமிழ், அடிப்படைக் கணக்கு, சிறிது ஆங்கிலம், சமையல், தையல் என்பனவே அதன் எல்லை. சமயத்தில் சுதந்திரம் தந்த பள்ளி, அறிவின் ஏணியில் சில படிகளையே தந்தது. ஆகவே பள்ளியை நோக்கிப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: 'என் பிள்ளைக்கு எச்சமயத்தைக் கற்பிப்பீர்?' என்பது ஒன்று. 'என் பிள்ளையை எதுவரை உயர்த்துவீர்?' என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்கு விடை நம் அரசியலமைப்பில் உள்ளது. 1948 டிசம்பர் 7ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் இது பற்றிய விவாதத்தில் டாக்டர் அம்பேத்கர் விளக்கம் தந்தார். அனைவரும் செலுத்தும் வரிப்பணத்தில் ஒரு சமயத்தாரின் போதனையை நடத்துவது முறையன்று என்பது அவர் வாதங்களுள் ஒன்று. அவ்விவாதத்தின் பயனே 28ஆம் பிரிவு. முழுவதும் அரசுப் பணத்தில் நடைபெறும் பள்ளியில் சமய போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவித்தொகையோ பெற்ற பள்ளியில் சமய போதனை இருக்கலாம். ஆயின், பெற்றோர் அல்லது காப்பாளர் இசைவின்றி எச்சிறுவரையும் அதிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளச் செய்தல் ஆகாது.

சமயங்களைப் பற்றி அறிவது வேறு, ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு என்பதை 2002இல் உச்சநீதிமன்றமும் எடுத்துரைத்தது. அறிவர் கோயிலின் தாமரைக் குள ஓவியத்தை மாணவர்க்குக் காட்டி, பாண்டியர் காலத்துச் சமணத்தை விளக்குதல் வரலாறு. அங்கே அவர்களைக் கைகூப்பி நிற்கும்படி கட்டளையிடுதல் போதனை.

நம் ஆசிரியப் பணியில் சேர்க்கைக் காலந்தோறும் ஒரு காட்சியைக் கண்டு வருகிறோம். பெற்றோர் விண்ணப்பத்தைப் படியாமலே நீட்டி, "ஐயா, நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்" என்பர். அந்நம்பிக்கை நம் நெஞ்சை உருக்கும். கூடவே கலங்கவும் வைக்கும். கையொப்பம் என்பது இசைவு அன்றோ? படியாமல் தந்த இசைவினால் உரிமை கைநழுவும்.

ஆகையால் இச்சங்கத்தின் இளைஞர்களுக்கு ஒரு பணியைச் சொல்வோம். அடுத்த ஜூன் மாதத்தில் உங்கள் தெருவில் பள்ளிக்குப் புறப்படும் ஒவ்வொரு பெற்றோருடனும் ஒருவர் செல்லுங்கள். விண்ணப்பத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எச்சமயம் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அதில் நாம் தலையிட வேண்டுவதில்லை. ஆனால் இரு கேள்விகளையும் அவர்கள் தம் வாயாலேயே கேட்டபின் கையொப்பமிடட்டும்.