உடல்மாறாட்டக் கதைகளும் தந்தை மைந்தர் உறவும்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியடியில் நின்று பார்த்தவர்கள் பிதிர்க்கடன் என்ற சொல்லின் கனத்தை அறிவர். தந்தையை இழந்தோர் பெருந்திரளாக வந்து நீராடித் தருப்பணம் செய்கின்றனர். இறந்த பின்னும் தீராத கடனாகவே தந்தை மகனது வாழ்வில் நிற்கிறான். உருவை மாற்றும் ஆற்றலையும் நம் முன்னோர் இதே நீருக்கு ஏற்றிச் சொன்னார்கள். கீரிமுகம் கொண்ட நகுல முனிவரும், குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இங்கே நீராடி மனித முகம் பெற்றனர் என்பது ஐதீகம். ஐதீகத்தை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், உடல் மாறுதல் என்னும் கற்பனை எந்தச் சமுதாயத்தில் எவருக்குப் பயன்பட்டது என்று வினவுவது வரலாற்று மாணவனின் வேலைதான்.

பெற்றோரும் பிள்ளையும் உடல் மாறிக்கொண்டு அல்லற்படும் மேனாட்டு நகைச்சுவைப் படங்களை இன்று நம் மாணவர் விரும்பிப் பார்க்கின்றனர். கதைக்கரு நமக்குப் புதிதன்று. மகாபாரதத்து யயாதி அதன் பழைய நாயகன். தேவயானியை மணந்தபின் சர்மிஷ்டையோடு மறைவாக வாழ்ந்த அவனை, மாமன் சுக்கிராசாரியார் முதுமை எய்துமாறு சபித்தார். விரும்பினால் வேறொருவர் அம்முதுமையை ஏற்கலாம் என்று ஒரு வழியும் விட்டார். குற்றம் தந்தையுடையது, விலை கேட்கப்பட்டதோ மைந்தரிடம். யது முதலிய நால்வர் மறுத்துச் சாபம் பெற்றனர். இளையவன் பூரு இசைந்தான். ஆயிரம் ஆண்டுகள் மகனின் இளமையைத் துய்த்த யயாதி, துய்ப்பினால் இச்சை அடங்காது என்று கண்டு அதைத் திருப்பிக் கொடுத்தான்; அரசையும் பூருவுக்கே அளித்தான். கீழ்ப்படிந்தவனுக்கு முடி, மறுத்தவனுக்குச் சாபம்: நிலவுடைமைக் குடும்பத்தின் நீதி இதைவிடத் தெளிவாக எங்கும் சொல்லப்பட்டதில்லை. முதுமையின் இன்னல்களை எடுத்துக்கூறி மறுத்தானே யது, அவன் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. 1961இல் வெளிவந்த தம் முதல் நாடகமான 'யயாதி'யில் கிரீஷ் கர்னாட் பூருவுக்கு ஒரு மனைவியைப் படைத்தார். கணவன் ஒரே நாளில் கிழவனாகி நிற்கக் கண்ட சித்திரலேகை உயிரை மாய்த்துக்கொள்கிறாள். மகனின் உடல் கைமாறியபோது மருமகளை எவரும் கேட்கவில்லை.

இங்கிலாந்திலோ இக்கதை தலைகீழாயிற்று. தாமஸ் ஆன்ஸ்டி கத்ரி என்பவர் எஃப். ஆன்ஸ்டி என்ற புனைபெயரில் 1882இல் 'வைஸ் வெர்சா' என்ற நாவலை வெளியிட்டார். விடுதிப் பள்ளிக்குத் திரும்ப அஞ்சி நிற்கும் மகனிடம், தாமும் சிறுவனாக இருக்கலாகாதா என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறார் இலண்டன் வணிகர் பல்டிட்யூட். அப்பொழுது அவர் கையில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 'கருடக் கல்' இருந்தது. தேயிலையோடும் பருத்தியோடும் மாயமும் ஏற்றுமதியாயிற்று போலும்! சொன்னது பலித்தது. தந்தையின் உருவை வேண்டிப் பெற்ற மகன் வீட்டில் தங்க, தந்தை பிரம்படி வாங்கப் பள்ளிக்குப் போகிறார். கட்டணம் செலுத்திய மனிதர் தாம் வாங்கிய பண்டம் இன்னதென்று முதன்முறையாக அறிகிறார். ஆசிரியராகிய நாமும் மாணவனுடைய வாங்கில் ஒரு வாரம் இருந்து பார்த்தால் நமது போதனை எப்படித் தோன்றுமோ! பீட்டர் உஸ்தினோவ் 1948இல் இதனைப் படமாக்கினார்.

நாவலுக்கு ஓராண்டு முன்னர், 1881இல், மார்க் ட்வெயினின் 'இளவரசனும் ஏழையும்' வெளியாகியிருந்தது. அங்கே மாறியது உடையே. ஆனால் அம்மாற்றம் அரண்மனைக்கும் சேரிக்கும் இடையில் நிகழ்ந்தது. உடலையே மாற்றிய ஆன்ஸ்டியோ ஒரே வீட்டின் கதவுக்குள் நின்றுவிட்டார். பின்வந்த படங்களும் அவ்வாறே. மேரி ரோட்ஜர்ஸ் 1972இல் எழுதிய 'ஃபிரீக்கி ஃபிரைடே' தாயையும் மகளையும் மாற்றிற்று. 1976இல் வந்த படத்தில், தாயின் உடலிற் புகுந்த சிறுமி கணவர் ஏவும் வேலைகளுக்கும் அடுப்படிக்கும் இடையே திண்டாடுகிறாள். கூலியற்ற உழைப்பைத் திரையில் இவ்வளவு சிரிப்போடு காட்டியது பாராட்டுக்குரியது. 2003ஆம் ஆண்டுப் படத்தில் தாய் தொழில் செய்யும் மனநல மருத்துவர். இடையே பெண்கள் வெகுதூரம் நடந்திருந்தனர். மாயம் மட்டும் இன்னும் கிழக்கிலிருந்தே வருகிறது. இம்முறை சீன உணவகத்துப் பணியாரமாக! எல்லாப் படங்களிலும் முடிவில் அவரவர் உடல் அவரவருக்கு மீள்கிறது. வீடு சற்றே கனிவடைகிறது. வீதி பழையபடியே கிடக்கிறது.

கீரிமலைக்கு அயலில் உள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், முகம் மாறிய அந்த இளவரசியின் நன்றிக்கடன் என்பர். மா விட்ட புரம், அதாவது குதிரைமுகம் நீங்கிய ஊர். தனக்கு வாய்த்த உருவை உதறிய ஒருத்தியின் பெயரால் எழுந்த கோயில், பிறப்பைக் காரணங்காட்டி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அடைபட்டிருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் பின்னரும் நிலைமை அதுவே. 1968இல் அம்மக்கள் கோயில் வாயிலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். தம் சொந்த உடலுடனேயே உட்சென்று வழிபட வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. அவர்களைத் தடுக்க முன்நின்றவர், பல்கலைக்கழகக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியராக இருந்தவரும் சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் அங்கம் வகித்தவருமான சி. சுந்தரலிங்கம்.