பல்லிடுக்கு நூல்

ஃப்ளாஸ் எனப்படும் இம்மெல்லிய நூல், பற்களின் இடுக்கைத் தினமும் துப்புரவாக்க உதவுவது. மைசூருவை அடுத்த நஞ்சன்கூட்டில் 1913இல் பி. வி. பண்டிட் நிறுவிய சத்வைத்தியசாலையின் பற்பொடி, அப்பகுதியினரின் காலை வழக்கத்தில் தலைமுறைகளாக இடம்பெற்றது. ஆனால் பொடியும் பிரஷும் எட்டாத இடுக்கில் நுண்ணுயிர்ப் படலம் தங்கி, காரையாக இறுகி, ஈறுகளைப் புண்ணாக்குகிறது. நூலின் பயனுக்குச் சான்று போதாது என்பர். 2019ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பல் துலக்குவதோடு நூலும் சேர்ந்தால் ஈறு அழற்சி குறையக்கூடும் என்றது. சான்றின் உறுதி குறைவு என்றும் குறிப்பிட்டது. உறுதிக் குறைவு பயனின்மை ஆகாது. இரத்தம் கசிவதால் நிறுத்துவதும் தவறு. கசிவு பெரும்பாலும் அழற்சியின் அறிகுறியே. மென்மையாகத் தொடர்ந்தும் ஓரிரு வாரத்தில் நிற்காவிடில் பல் மருத்துவரை அணுக வேண்டும். இரவில் பல் துலக்கும் வேளையோடு நூலைச் சேர்த்துக்கொண்டால் பழக்கம் நிலைக்கும்.