சேற்றின் எடை

நிலத்தடி எண்ணெயை எடுப்பதற்குச் சேறு இன்றியமையாதது என்றால் நேயர்களுள் சிலர் வியப்படையக்கூடும். ஆங்கில ஆவணம் ஒன்றைத் தமிழாக்குகையில், 'மட்' என்பதனைச் 'சேறு' என்றெழுத நானும் சற்றுத் தயங்கியதுண்டு. அதன் வரலாற்றைப் படித்த பின்னரே அத்தயக்கம் அகன்றது.

1901 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்பிண்டில்டாப் என்னுமிடத்துக் கிணறு பீறிட்டெழுந்தது. ஒன்பது நாட்கள் அடங்கவில்லை. அதனைத் தோண்டிய ஹாமில் சகோதரர்கள், மணற்படுகை சரியாதிருக்கும் பொருட்டு, குட்டையில் மாடுகளை நடத்திக் கலக்கிய சேற்றைத் துளையினுள் செலுத்தினர் என்பர். சேறு சுவரைப் பூசி நிறுத்திற்று. அதற்கு மற்றோர் ஆற்றலும் உண்டு. துளை நிறைய நிற்கும் சேற்றின் எடை, பாறையில் அடைபட்ட வாயுவையும் எண்ணெயையும் மேலெழவொட்டாது அழுத்திப் பிடிக்கும். ஆயிரம் மீட்டர் உயர நீரே ஏறத்தாழ நூறு வளிமண்டல அழுத்தம் தரும். சேறு அதனினும் கனமானது. அக்கனத்தை மேலும் கூட்ட, நீரைப்போல் நான்கு மடங்குக்கு மேல் எடையுள்ள பேரைட்டு போன்ற தாதுப்பொடிகளைக் கலக்கும் முறைக்கு ஸ்ட்ரவுட் என்பார் 1926 இல் காப்புரிமை பெற்றார்.

எடையைக் கூட்டினால் போதுமெனில் தொல்லை அன்றே தீர்ந்திருக்கும். விரிசலுற்ற பாறையில் அது நடவாது. ஈரானில் 1908 இல் எண்ணெய் கண்ட மஸ்ஜித் சுலைமான் வயலின் சுண்ணாம்புப் பாறையை நோக்குக. பாறைத்துண்டுகள் இறுகியவை; எண்ணெய் விரைந்து வருவது விரிசல்களின் வழியே. எண்ணெயைத் தரும் அவ்வழியே சேற்றையும் விழுங்கும். கனத்த சேறு விரிசலை மேலும் அகற்றிக்கொண்டு உள்ளே ஓடிவிடும். துளையில் சேற்றின் மட்டம் தாழும். தாழவே அழுத்தம் குறையும். குறைந்த கணமே வாயு மேலேறும். சேறு கனத்தாலும் கேடு, இலேசானாலும் கேடு! இரண்டிற்கும் இடைப்பட்ட வெளி சிலவிடங்களில் மயிரிழையே.

அடக்கும் அழுத்தம் தோற்றால் நேர்வது யாது என்பதனை அதே ஈரானின் கும் நகரருகே 1956 ஆகஸ்டு 26 அன்று உலகு கண்டது. அங்கும் சுண்ணாம்புப் பாறையே. நாளொன்றுக்கு இலட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் வானோக்கிப் பாய்ந்தது. மொஸ்தோஃபி என்னும் ஈரானியப் பொறியாளரும், கிணற்றுத் தீயணைப்பில் பெயர்பெற்ற அமெரிக்கர் மைரன் கின்லியும் உழைத்தும், அஃது அடங்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் சென்றன.

விரிசலை அடைக்கும் பொருள்கள் விந்தையானவை: கொட்டைகளின் ஓட்டுத்தூள், அப்பிரகம், பருத்திவிதை உமி, மரநார். அவற்றுக்கும் மசியாதவிடத்துச் சிமெண்டு. அதற்கும் அடங்காதவிடத்து, சேறு திரும்பி வாராதென ஏற்று, துளையின் மேற்பகுதியில் மட்டும் கனத்த சேற்றை நிறுத்திக் கீழே நீரைச் செலுத்தித் தோண்டுவதும் உண்டு.

மும்பைவாழ் நேயர்களுக்கு இது தொலைதூரக் கதையன்று. 1974 பிப்ரவரியில் அந்நகருக்கு மேற்கே கடலில் 'சாகர் சாம்ராட்' கண்ட எண்ணெயும் சுண்ணாம்புப் பாறையினின்றே வந்தது. இத்தகைய மேடைகளில், கருவிகள் எத்துணை பெருகினும், சேற்றுத்தொட்டியின் மட்டத்தை ஒருவர் இரவும் பகலும் நோக்கியே இருப்பார். மட்டம் தாழ்ந்தால் பாறை குடிக்கிறது; உயர்ந்தால் கிணறு எழுகிறது.